சுவர் ஏன் இன்னும் நிற்கிறது

புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களிடம் பழைய மரக் கூரைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று என்னைக் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. உங்களில் பாதிப் பேர் கம்ப்யூட்டரில் பத்து மாடி எழுப்பியிருப்பீர்கள். ஓட்டு வீட்டின் கூரைக்குள் தலையை விட்டு, வௌவால் எச்சம் தோளில் விழ, ஒரு விட்டத்தைக் கையால் தடவிப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் இந்த அறையில் எல்லோரும் ஷூவைப் பார்ப்பீர்கள்.

நான் திருப்பூரில் கட்டட இன்ஜினியராக வேலை பார்த்த காலத்தில், அதாவது இரண்டாயிரத்துக்குப் பிறகான அந்த ஓட்டமான ஆண்டுகளில், தலைக்கு மேல் ஒரு கூரை இருந்தால் போதும், கீழே தையல் மிஷின் வந்து உட்கார்ந்துவிடும். மாட்டுக் கொட்டகை, தறி ஓடிய அறை, யாரோ ஒருவர் சாமான் போட்டு வைத்திருந்த வீடு, எல்லாமே பனியன் கம்பெனி ஆயின. இடம் போதவில்லை என்றால் ஒரு சுவரை இடிப்பார்கள். உயரம் போதவில்லை என்றால் ஒரு மரத்தை அறுப்பார்கள். அதன் பிறகுதான் இன்ஜினியரைக் கூப்பிடுவார்கள். நம் ஊர்க்காரர்கள் டாக்டரிடம் போவதும் அப்படித்தானே, நாட்டு மருந்து அத்தனையும் குடித்துப் பார்த்த பிறகு.

நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த ஆபீஸில் ஒரு பெரியவர் இருந்தார். எந்தப் பழைய வீட்டைக் காட்டினாலும் காரை விட்டு இறங்காமலே, "டேஞ்சர், இடிச்சிருங்க" என்பார். அவர் பார்த்துச் சொன்ன எந்த வீடும் யார் மேலும் விழுந்ததில்லை, அது உண்மை. இடித்த வீடு எப்படி விழும்? அவர் பெயர் கெடவில்லை, வீடு மட்டும் போயிற்று. அந்தப் புத்தி எனக்குப் பிடிக்கவே இல்லை. பத்திரமாகப் பேசுவது வேறு, பத்திரமாக வைப்பது வேறு என்று அப்போதே எனக்குத் தோன்றியது. அந்த வித்தியாசத்தை நான் முழுசாகப் புரிந்துகொண்டது அனுப்பர்பாளையத்தில் சிவகாமி அம்மாவின் வீட்டில்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம். ட்யூப் லைட் மாற்ற இரண்டு கால் ஏணி வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். விரித்து வைத்தால் கூரை போல நிற்கும். அதன் இரண்டு கால்களுக்கும் நடுவே ஒரு கயிறோ சங்கிலியோ இருக்கும். அந்தக் கயிறு ஆளைத் தாங்குவதில்லை. ஆனால் அதை அறுத்துவிட்டு ஏணியில் ஏறிப் பாருங்கள், இரண்டு காலும் இரண்டு பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். ஓட்டுக் கூரையும் இதே கதைதான். இரண்டு பக்கமும் சாய்ந்த மரங்கள் உச்சியில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. அவற்றின் அடிகள் சுவரை வெளியே தள்ளப் பார்க்கின்றன. தள்ள விடாமல் இரண்டு அடிகளையும் பிடித்துக்கொண்டிருப்பது நடுவே படுத்திருக்கும் குறுக்கு விட்டம். அதன் மேல் எதுவும் உட்கார்ந்திருக்காது. அதனால்தான் பார்க்கிறவர்களுக்கு அது சும்மா இருப்பதாகத் தெரியும். வீட்டில் எல்லோரையும் பிடித்து வைத்திருக்கும் ஆளும் பல சமயம் அப்படித்தான் தெரிவார்.

சிவகாமி அம்மாவுக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. அவருடைய அப்பா பித்தளைப் பாத்திரம் அடித்த பெரிய பட்டறையும் அதை ஒட்டிய இரண்டு அறைகளும் அவருக்கு வந்திருந்தன. அறைகளில் அவர் குடியிருந்தார். பட்டறையைத் துரைசாமி என்பவருக்கு வாடகைக்கு விட்டிருந்தார். துரைசாமி அங்கே துணி வெட்டித் தைத்துக் கொடுக்கும் யூனிட் நடத்தினார். பட்டறையின் ஒரு நீளச் சுவர் சிவகாமி அம்மாவின் அறைகளுக்கும் சுவர். மறு நீளச் சுவர் ஒரு குறுகிய சந்துப் பக்கம் இருந்தது. சந்துக்கு அந்தப் பக்கம் இன்னொருவருடைய கான்கிரீட் கட்டடம். பட்டறைக் கூரையை மூன்று மரச் சட்டங்கள் தாங்கின. ஒவ்வொன்றிலும் நான் சொன்ன குறுக்கு விட்டம் உண்டு.

"மூணுல ஒண்ணத்தான் அறுத்தேனுங்க மேடம்" என்றார் துரைசாமி, நான் உள்ளே நுழைந்ததுமே. "நடுவால இருக்கறது. துணி ரோலு அடுக்கற ரேக்கு உசரமா வாங்கிப்போட்டனுங்க. அது இடிச்சுது. அறுத்து ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. ஒரு ஓடு அசையலீங்க. பக்கத்து விட்டத்தையும் எடுத்துட்டா ரேக்கை நீட்டிப் போட்டுக்கலாம். அந்தம்மா என்னடான்னா இன்ஜினியரு வந்து சொல்லோணும்னு நிக்கறாங்க."

சிவகாமி அம்மா கதவோரம் நின்றிருந்தார். துரைசாமி பேசி முடித்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் போய், பட்டறையின் மூலையைக் காட்டினார். குறுக்குச் சுவரும் சந்துச் சுவரும் சேரும் இடத்தில் ஒரு விரிசல். கீழே தலைமுடி அளவு. மேலே போகப் போக அகன்று, கூரைக்குக் கீழே என் உள்ளங்கை நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது.

"இதுல வெளிச்சம் வருதுங்க அம்மிணி. போன மாசம் வரல" என்றார். கொஞ்சம் தயங்கி, "வெள்ளகோவில்ல எந்தம்பி இருக்கறானுங்க. ஊட்டை இடிச்சுப்போட்டு வாடகைக்கு விட வரிசையா லைன் ஊடு கட்டலாம்னு ரொம்ப நாளா சொல்லிட்டு இருக்கறான். நீங்க இடிக்கோணும்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நாளைக்கே ஜேசிபி கொண்டாந்துருவான். நாம் பொறந்ததும் இங்கதானுங்க. வேற எங்கயும் போயி என்னால இருக்க முடியாதுங்க" என்றார்.

அவர் கெஞ்சவில்லை. நான் என்ன சொன்னாலும் அதனால் என்ன நடக்கும் என்பதை எனக்குத் தெரிவித்தார், அவ்வளவுதான். எனக்கு அது கெஞ்சலைவிடக் கனமாக இருந்தது.

விரிசல் சொன்ன செய்தி தெளிவானது. சுவர் அடியில் நின்ற இடத்திலேயே நிற்கிறது, தலை மட்டும் சந்துப் பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறது. சுவர் போனால் கூரை போகும். கூரை போனால் இந்தப் பக்கத்து அறைகளும் மிஞ்சாது. முதல் வேலையாக, தைத்துக்கொண்டிருந்த பெண்களை எல்லாம் வாசலுக்கு வரச் சொன்னேன். துரைசாமிக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ஏனுங்க மேடம், சரக்கு இந்த வாரம் போகோணுமுங்க. பார்ட்டிகிட்ட நான் என்னன்னு சொல்றது?"

"இன்ஜினியரு ஒருத்தி வந்து மிஷினை நிறுத்திப்போட்டாள்னு சொல்லுங்க. திட்டறதை எனக்குத் திட்டச் சொல்லுங்க" என்றேன். அவர் மறுபடி ஏதோ முனகினார். ஆனால் பெண்கள் ஏற்கெனவே எழுந்துவிட்டார்கள். தலைக்கு மேல் இருப்பதைப் பற்றி ஒரு பேச்சு வந்துவிட்டால் யாரும் தையலை முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்வதில்லை.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அந்தச் சுவர் விழும் என்பதற்கான காரணம் எனக்கு அறைக்குள் நுழைந்த உடனே தெரிந்துவிட்டது. உங்களுக்கும் தெரிந்திருக்கும். அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. என்னைக் குடைந்த கேள்வி வேறு. மண் சாந்து வைத்துக் கட்டிய சுவர். நடு விட்டம் இல்லை. இடையில் ஒரு நல்ல மழையும் பெய்து, ஓடெல்லாம் நனைந்து கனத்திருக்கிறது. கணக்குப்படி இது எப்போதோ போயிருக்க வேண்டும். பாதியில் ஏன் நின்றது? எது அதை நிறுத்தி வைத்திருக்கிறது? ஒரு கட்டடம் நம் கணக்குக்கு மாறாக நிற்கிறது என்றால், நமக்குத் தெரியாத ஒன்று அதைத் தாங்குகிறது என்று பொருள். அது என்ன என்று தெரியும்வரை எதிலும் கை வைக்கக் கூடாது.

"சந்துப் பக்கம் போய்ப் பாக்கோணுமே, எப்படிப் போறது?" என்று துரைசாமியிடம் கேட்டேன்.

"அங்க போக முடியாதுங்க மேடம், பூரா கட்டிங் வேஸ்ட் மூட்டை. வெல ஏறட்டும்னு அடுக்கி வெச்சிருந்தேன்." பிறகு, நல்ல பிள்ளையாக நடந்துகொண்டவரின் குரலில், "நீங்க ஆளுகள வெளிய போகச் சொன்னப்பவே, சந்துக்குள்ளயும் வந்து பாப்பீங்கன்னு நான் வேஸ்ட்காரருக்குப் போன் அடிச்சுப்போட்டனுங்க. வண்டி பக்கத்துலதான் நின்னுச்சு. எடுத்துட்டு இருக்கறாங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல சந்தே காலியாயிரும்" என்றார்.

வெட்டிய துணியின் மிச்சம் எவ்வளவு இறுக்கமாக மூட்டையாகும் என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. சாக்குக்குள் போட்டு, காலால் மிதித்து, மறுபடி திணித்து, வாயைத் தைத்துவிடுவார்கள். குத்தினால் கைதான் வலிக்கும். அப்படிப்பட்ட மூட்டைகளை இரண்டு சுவர்களுக்கும் நடுவே, கூரை ஓரம்வரை, இடைவெளி இல்லாமல் திணித்து வைத்திருக்கிறார் மனிதர். கான்கிரீட் சுவரில் முதுகைக் கொடுத்து நம் சுவரைத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தது அந்தக் குப்பைதான். தான் அறுத்த விட்டத்தின் வேலையைத் தனக்கே தெரியாமல் சந்தில் அடுக்கி வைத்திருந்தார். இப்போது அதையும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கூரையில் எங்கேயோ ஒரு ஓடு சறுக்கி விழுந்து உடைந்தது.

நான் ஓடினேன். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு சந்து வாயிலுக்குப் போய் நின்றபோது, இரண்டு லோடுமேன்கள் வாய்ப்பக்க மூட்டைகளை வண்டியில் ஏற்றிவிட்டு, அடுத்ததன் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு அடுத்தவை நடுச் சட்டத்துக்கு நேராக இருந்தவை.

"விடுங்க. அப்படியே விட்டுட்டு வெளிய வாங்க" என்றேன்.

மூத்தவர் தென் மாவட்டத்துக்காரர். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஏத்துன்னு ஒருத்தர் சொல்லுதாரு, விடுன்னு நீங்க சொல்லுதீங்க. ஏத்தவா இறக்கவா, ஒண்ணச் சொல்லுங்கக்கா" என்றார்.

நல்ல கேள்வி. எடுத்த மூட்டைகளைத் திரும்ப வைக்கச் சொல்லலாமா என்று எனக்கும் ஒரு கணம் தோன்றியது. ஆனால் அந்தச் சுவர் விழுந்தால் சந்தில்தான் விழும். சுவரைக் காப்பாற்ற அவர்களைச் சந்துக்குள் அனுப்புவது நியாயமில்லை. "ரெண்டும் வேண்டாங்கண்ணா. நீங்க வெளிய வாங்க, அது போதும்" என்றேன். வந்தார்கள். துரைசாமி பின்னாலேயே வந்து நின்றிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அந்த மூட்டைகளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு அருகில் இருந்த கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். வாசலில் நின்ற பெண்களை எண்ணுவதுபோல ஒவ்வொருவராகப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. ஓடுகிற ஊரில் ஓடியவர்.

வெளியே எதையும் தொட முடியாது. ஆக, உள்ளே இருந்துதான் பிடிக்க வேண்டும். நல்ல வேளையாகத் துரைசாமி விட்டத்தை முழுதாகப் பிடுங்கவில்லை. நடுவே வெட்டி எடுத்திருந்தார். இரண்டு பக்கமும் சுவரை ஒட்டி ஒரு முழத்துக்கு மேல் மிச்ச மரம் நீட்டிக்கொண்டிருந்தது. சாய்ந்த மரங்களின் அடியோடு அவற்றைப் பிணைத்த இரும்புப் பட்டைகள் இன்னும் உறுதியாக இருந்தன. இரண்டு கைகளும் இருக்கின்றன, கோத்துக்கொள்ள விரல்கள் இல்லை, அவ்வளவுதான்.

பக்கத்து மெக்கானிக்கிடம் நிட்டிங் மிஷினைச் சங்கிலியால் தூக்கி இறக்கும் செயின் பிளாக் இருந்தது. வாங்கி வரச் சொன்னேன். நான் எப்போதும் கூப்பிடும் ஆறுமுகம் ஆசாரி சவுக்கு மரங்களோடு வந்து சேர்ந்தார். முதலில் கூரையின் உச்சிக்குக் கீழே முட்டுக் கொடுத்தோம். பிறகு, விட்டத்தை வெட்ட வைத்த அதே ரேக்கின் மேல் ஏறி நின்று, ஆசாரி இரண்டு முனைகளிலும் சங்கிலியைச் சுற்றினார். நான் கீழே நின்று கையால் இழுத்தேன். சங்கிலி தொய்வு நீங்கி, விறைத்து, மரம் மெதுவாக முனகியது. நிறுத்தினேன்.

வாசல் பக்கமிருந்து துரைசாமி, "இன்னும் கொஞ்சம் இழுங்க மேடம். சாஞ்சது நேரா வந்துரட்டும்" என்றார்.

அந்த ஆசை எல்லோருக்கும் வரும். உங்களுக்கும் வரும். வளைந்ததைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். ஆனால் பல வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்த சுவரை ஒரே இழுப்பில் நிமிர்த்தினால் இடுப்பில் ஒடியும். "நேராக்கறதுக்கு நான் வரலீங்க. நிறுத்தறதுக்குத்தான் வந்தேன். இனி அது கோணலாவே இருக்கட்டும், நகராம இருந்தாச் சரி" என்றேன். அந்த வீட்டில் நான் எடுத்த முடிவுகளில் மிகச் சரியானது எதுவென்றால், சங்கிலியை இழுத்தது இல்லை, இழுப்பதை நிறுத்தியதுதான்.

அடுத்த சில நாட்களின் வேலையை நீளமாகச் சொல்லப் போவதில்லை. ரேக்கின் மேல் தட்டைக் கழற்றினோம். இரண்டு முனைகளுக்கும் நடுவே புது மரம் வைத்து, இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை கொடுத்துப் போல்ட் முடுக்கினோம். அதற்குப் பிறகுதான் மூட்டைகளை எடுக்க அதே லோடுமேன்களைக் கூப்பிட்டேன். அப்போதும் ஒவ்வொரு வரிசை எடுக்கும் முன்னால் இரண்டு சுவர்களுக்கும் நடுவே கட்டையை இறுக்கிவிட்டுத்தான் எடுத்தார்கள். கடைசியில் அந்தக் கட்டைகளையும் சந்து வாயில் நின்றே கயிற்றால் இழுத்து விழவைத்தோம். உள்ளே சுவரின் தலையிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு, தரையில் அதன் நுனிக்கு நேராகச் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்திருந்தேன். கடைசிக் கட்டை விழுந்தபோது குண்டு புள்ளியை விட்டு ஒரு நூல் நகர்ந்தது. விட்டம் சுவரின் இழுப்பை வாங்கிக்கொள்ளும்போது அப்படி ஒரு அசைவு இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் காத்திருந்தேன். குண்டு அதற்கு மேல் நகரவில்லை.

ஆசாரியும் நானும் இன்னொரு முறை ஒவ்வொரு போல்ட்டையும் பார்த்தோம். அன்று சாயங்காலம் துரைசாமி வந்து, "மிஷின் போடலாமுங்களா?" என்று கேட்டார். "போடலாங்க" என்றேன். அடுத்த நாள் பெண்கள் வரப்போகும் இடம் அது என்பதை நினைத்துத்தான் அந்த வார்த்தையைச் சொன்னேன். இந்தத் தொழிலில் நாம் உண்மையில் விற்பது அந்த ஒரு வார்த்தையைத்தான். வரைபடம், கணக்கு எல்லாம் அதற்குக் கூட வரும் சாமான்.

எல்லோரும் போன பிறகு சிவகாமி அம்மா மட்டும் நின்றார். ஓடு விழுந்த நாளிலிருந்து அவர் பக்கத்துத் தெருவில் தெரிந்தவர் வீட்டில்தான் படுத்துக்கொண்டிருந்தார்.

"இனி நீங்க உங்கூட்டுக்கு வந்தரலாமுங்க. பயமில்ல" என்றேன். "உங்க தம்பிகிட்ட நானே பேசறேன். இடிக்க வேண்டியதில்லைன்னு சொல்றேன்."

அவர் கூரையைப் பார்த்தார். புது மரம் வெள்ளையாக, பழைய மரங்களுக்கு நடுவே தனியாகத் தெரிந்தது.

"நீங்க சொன்னா நம்பறனுங்க அம்மிணி" என்றார். "ஆனா மத்தியானம் உள்ள போயிச் சித்த நேரம் படுத்துப் பாத்தேன். கண்ணை மூடுனா அந்த ஓடு உடையற சத்தந்தான் கேக்குது. ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. இன்னிக்கு ஒரு ராத்திரி நீங்க இங்க படுத்துக்குவீங்களா?"

அவர் என்னைச் சோதிக்கவில்லை. சோதித்திருந்தாலும் தவறில்லை. வானம் பல்லடம் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. அந்த ஒரு நொடியில் ஒவ்வொரு போல்ட்டையும் நான் மனதுக்குள் மறுபடி முடுக்கிப் பார்த்தேன். காரை விட்டு இறங்காத பெரியவருக்கு அந்த நொடி வாழ்க்கையில் ஒருமுறைகூட வந்திருக்காது என்று நினைத்தேன். அவருக்காக வருத்தப்பட்டேன்.

வீட்டுக்குப் போன் செய்து, இன்றைக்கு வரமாட்டேன், சாப்பாட்டை எடுத்து வைக்க வேண்டாம் என்று சொன்னேன். சிவகாமி அம்மா உள்ளே போய்ப் பாய் எடுத்து வந்து தன் அறையில் விரிக்கப் போனார். நான் அதை வாங்கிக்கொண்டு பட்டறைக்குள் போய், தையல் மிஷின்களுக்கு நடுவே, புது விட்டத்துக்கு நேர் கீழே விரித்தேன்.

அவர் கதவருகே நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். முதல் தூறல் ஓட்டின் மேல் விழுந்தது. பிறகு உள்ளே போய் இன்னொரு பாயை எடுத்து வந்து, என் பாய்க்குப் பக்கத்தில் போட்டு, "அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளிப் படுங்க அம்மிணி" என்றார்.